முதிர்ந்த விண்மீனில் லித்தியம்

வைகாசி மாத முன்னிரவில் ஈஜோக் தோட்டங்களின்மேல் அண்ணாந்து நோக்குவோர், உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியைக் காணலாம். பஞ்சாங்கத்தில் அதன் பெயரைக் கேட்டோர் பலர். வானத்தில் கண்டோர் சிலரே! ஏறத்தாழ ஞாயிற்றின் பொருண்மையே உடைய அது, முதுமையால் ஞாயிற்றினும் 25 மடங்கு பருத்துவிட்ட செம்பெரு விண்மீன்.

நமக்கு எட்டுவது மேற்பரப்பின் ஒளி மட்டுமே. எனினும் அந்த ஒளிநிறமாலையின் கருங்கோடுகள், எத்தனிமம் எவ்வளவு உண்டு என்பதைக் காட்டும். அவ்வளவு மாறியிருப்பின், உள்ளிருந்து பொருள் மேலே வந்தது என்று கொள்ளலாம்.

விண்மீன் பருக்கும்போது அதன் வெளிப்பகுதி உலைநீர்போல ஆழம்வரை புரளும். அணுக்கரு வினையில் மாறிய பொருள் மேலேறும். ஞாயிற்றில் ஒரு கார்பன்-13 அணுவுக்குக் கார்பன்-12 அணுக்கள் ஏறத்தாழ 90. இப்புரளலுக்குப் பின் அது 25 அளவில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. சுவாதியில் காண்பதோ ஏறத்தாழ 7! உலை எட்டாத ஆழத்தையும் ஏதோ ஒன்று துழாவியிருக்கிறது. ஹீலியம்-3 எரியும் அடுக்கு சற்றே இலேசாகி மேலெழுவதே காரணம் என்று 2006 முதல் சிலர் கூறி வருகின்றனர். அதில் முழு ஒப்புதல் இல்லை.

லித்தியத்தின் செய்தி இதனினும் வியப்பானது. 25 இலட்சம் பாகை வெப்பத்திலேயே அது அழிந்துவிடும். ஆதலின் முதிர்ந்த விண்மீனில் அது மிக அருகியிருக்க வேண்டும். 1982இல் லித்தியம் மிகுந்த செம்பெரு விண்மீன் ஒன்று தென்பட்டபோது, விதிவிலக்கு என்றே எண்ணினர்.

பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனமே, தமிழகத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்துவது. அந்நிறுவனத்தின் பரத்குமார், ஈஸ்வர் ரெட்டி ஆகியோர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து லாம்பர்ட்டுடன் சேர்ந்து 2,000 விண்மீன்களை ஆராய்ந்தனர். லித்தியம் மிகுந்தவை, மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் விண்மீன்களுக்குரிய ஒளியளவில் குவிந்திருப்பதை 2011இல் அறிவித்தனர். 2020இல் பரத்குமார், ரெட்டி முதலியோர், ஆஸ்திரேலியத் தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு இன்னும் துணிந்து கூறினர்: ஞாயிறு போன்ற விண்மீன் ஒவ்வொன்றும் அப்பருவத்தில் லித்தியத்தைப் படைக்கிறது, அளவு சராசரி 40 மடங்கு உயர்கிறது.

ஹீலியம்-3உம் ஹீலியம்-4உம் கூடிப் பெரிலியம்-7 ஆகும். அதுவே லித்தியமாக மாறும். ஆனால் பிறந்த இடத்திலேயே நின்றால் லித்தியம் வெந்தழியும். எனவே பெரிலியம் விரைந்து குளிர்ந்த பகுதிக்கு ஏறியாக வேண்டும். அதை ஏற்றுவது யாது? மையத்தில் ஹீலியம் திடீரெனப் பற்றும்போது எழும் கொந்தளிப்பு என்பர் ஒரு சாரார். ஒப்பிட்ட விண்மீன்கள் ஒத்த பொருண்மையின அல்ல, அதனால் அந்தப் பெருக்கமே மெய்ப்பிக்கப்படவில்லை என 2022இல் வேறு சிலர் மறுத்துள்ளனர்.