காற்றின் கையைப் பிடித்துக்கொண்டு கடலைக் கடக்கும் குடும்பங்கள்

கோடை நாட்களில் படப்பையில் பிற்பகல் மூன்று மணிக்குப் புழுக்கம் தாங்க முடியாது. சற்று நேரத்தில் கிழக்கேயிருந்து குளிர்ந்த காற்று வந்து ஏரி நீரைச் சலசலக்கச் செய்யும். சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வங்கக் கடலிலிருந்து வரும் கடற்காற்று அது. வெயிலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது; நீர் மெதுவாகவே சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள காற்று ஓடி வருகிறது.

இந்த எளிய விதியே உலக அளவிலும் செயல்படுகிறது. தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் என ஒரு சிறு குடும்பம் 40 அடிப் பாய்மரப் படகில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து தீவு தீவாகச் செல்ல முடிவதற்கும் அதுவே காரணம். இன்று பல நாட்டுக் குடும்பங்கள் இவ்வாறு பயணம் செய்கின்றன. இது வெறும் துணிச்சலால் மட்டும் ஆகும் காரியமா? இல்லை. காற்று, காலம், நீர், வானம் ஆகிய நான்கையும் அறிந்தவர்களுக்கே இது கைகூடும்.

வல்வெட்டித்துறையிலிருந்து அமெரிக்காவுக்கு

தமிழர்களுக்கு இக்கலை புதிதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற கப்பலே அதற்குச் சான்று. சுமார் 90 அடி நீளமுள்ள அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகொன்றில் தென்கடல் தீவுகள் வழியாக உலகைச் சுற்றி வந்தவர். கடலின் மனத்தை அறிந்த அம்மனிதருக்குத் தமிழ்த் தச்சர்களின் கைவேலை பிடித்துப் போயிற்று. கப்பலுக்குத் தம் மனைவி பெயரான ஃப்ளாரன்ஸ் என்பதைச் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டினார்.

1937-ல் புறப்பட்ட அக்கப்பலை வல்வெட்டித்துறைத் தண்டலும் மாலுமிகளும் ஓட்டிச் சென்றனர். (கப்பல் தலைவனைத் தண்டல் என்பது அங்குள்ள வழக்கு.) ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா தீவு என்று சென்று, 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

எந்தக் காற்று, எந்தத் திசை?

நிலநடுக்கோட்டுப் பகுதி மிகுதியாகச் சூடேறுவதால் அங்குள்ள காற்று மேலெழுகிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று அதை நோக்கி ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் இக்காற்று நேராக வர முடிவதில்லை. வட அரைக்கோளத்தில் வலப்புறமும், தென் அரைக்கோளத்தில் இடப்புறமும் விலகுகிறது. இவ்வாறு வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் இடைவிடாது வீசுபவையே வியாபாரக் காற்றுகள். இரண்டும் சந்திக்குமிடத்தில் காற்று ஓய்ந்து கிடக்கும். திடீர் மழையும் இடியும் உண்டு. அங்கே பாய்க்கப்பல்கள் நாட்கணக்கில் அசையாமல் நிற்பதுண்டு.

ஆகவே வெப்ப மண்டலத்தில் செல்லும் குடும்பப் படகுகள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காகவே செல்கின்றன. பனாமாவிலிருந்து காலபாகஸ் தீவுகள், மார்க்கெசாஸ், தாகித்தி, டோங்கா, ஃபிஜி என்பது அவர்களுடைய வழக்கமான பாதை. இதற்கு மாறாக, இந்தியக் கடற்படை அதிகாரிகளான தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ படகில் புறப்பட்டு, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினர். அவர்கள் குளிர்ந்த தென்கடலில் மேலைக் காற்றைத் துணைகொண்டு கிழக்கு நோக்கிச் சென்றனர். பாதை வேறாயினும் பாடம் ஒன்றே: காற்றோடு மல்லுக்கு நிற்காதே, அதனோடு ஒத்துப் போ.

இந்துமாக்கடலின் வட பகுதியில் நிலைமை வேறு. ஆசியாவின் பெருநிலப்பரப்பு கோடையில் சூடேறியும் குளிர்காலத்தில் குளிர்ந்தும், காற்றின் திசையையே மாற்றிவிடுகிறது. ஆண்டில் ஒரு பகுதி தென்மேற்குக் காற்று. மறு பகுதி வடகிழக்குக் காற்று. நம் முன்னோர் வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று திசைக்கொரு பெயரிட்டது கவிதைக்காக மட்டுமன்று. அது கடலோடிகளின் நாட்காட்டியும் ஆகும்.

எதிர்க்காற்றிலும் முன்னேறலாம்

காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் படகு செல்லும் என்று நினைப்பது தவறு. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள். அது வழுக்கி முன்னே பாயும். விரல்கள் பக்கவாட்டில் அழுத்தினாலும் கொட்டை ஓடுவது முன்னோக்கியே. பாய்மரப் படகிலும் இதுவே நடக்கிறது. வளைந்த பாயில் காற்று ஒரு பக்கத்தில் அழுத்துகிறது. படகின் அடியில் நீரில் ஆழ்ந்திருக்கும் ஏரா பக்கவாட்டில் நகரவிடாமல் தடுக்கிறது. எஞ்சிய விசை படகை முன்னே செலுத்துகிறது. காற்று வரும் திசைக்கு நேராகச் செல்ல முடியாது. ஆனால் சுமார் 45 பாகைக் கோணத்தில் வலமும் இடமுமாக மாறி மாறிச் சென்று, மலைப்பாதையில் வண்டி ஏறுவதுபோல் முன்னேறலாம்.

குடிநீர்க் கணக்கு

சிறு படகின் வேகம் மணிக்குச் சுமார் 5 கடல் மைல். (ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.) இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 120 கடல் மைல். காலபாகசிலிருந்து மார்க்கெசாஸ் சுமார் 3,000 கடல் மைல். ஆகவே 25 நாட்கள் கரையே கண்ணில் படாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் நால்வருக்கு 400 லிட்டர் நீர் வேண்டும். காற்று ஓய்ந்து தாமதமானால்? எனவே பாதியளவு கூடுதலாகச் சேர்த்து 600 லிட்டர் எடுத்துச் செல்வது விவேகம். மழை பெய்தால் துணி விரித்துப் பிடித்துக்கொள்ளலாம்.

சுற்றிலும் நீர் இருக்க இத்தனை கவலை ஏன்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நம் சிறுநீரகங்களால் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியேற்ற இயலாது. குடித்த நீரைவிட அதிக நீரை உடல் இழக்க நேரிடும். தாகம் தீராது, உயிருக்கே ஆபத்தாகும். உணவில் வைட்டமின் சி இல்லாவிடில் பல் ஈறுகளில் இரத்தம் கசியும் நோய் வரும். அதற்கு எலுமிச்சையும், படகிலேயே முளைகட்டும் பயறும் நல்ல மருந்து.

வானமே வரைபடம்

இன்று செயற்கைக்கோள் கருவி படகின் இடத்தை நொடியில் காட்டிவிடும். அது பழுதானால்? துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. படப்பையில் அது சுமார் 13 பாகை. கன்னியாகுமரியில் 8 பாகை. தமிழ் மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கட்டிய ‘இராப்பலகை’யைக் கண்ணெதிரே பிடித்து இதை அளந்தனர். நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே சென்றால் துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். வேறு விண்மீன்களைத் துணைகொள்ள வேண்டும்.

பசிபிக் தீவு மக்கள் கருவி எதுவுமின்றியே இதைச் சாதித்தனர். இரண்டு ஓடங்களை இணைத்த பெரிய படகுகளில் பெண்டு பிள்ளைகளோடு, தென்னை, ஈரப்பலா, சேம்பு, கோழி, பன்றி ஆகியவற்றையும் ஏற்றிச் சென்று தீவுகளில் குடியேறினர். இத்தகைய இரட்டைப் படகுகளுக்கு உலகம் இன்று வழங்கும் பெயர் நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லின் திரிபே என்பது சுவையான செய்தி. 1976-ல் மைக்ரோனேசியாவைச் சேர்ந்த மாவ் பியாலுக் என்னும் மாலுமி, ‘ஹோக்குலேயா’ என்ற படகை ஹவாயிலிருந்து தாகித்திக்குக் கருவிகள் இல்லாமலே செலுத்திக் காட்டினார். மாலையில் ஆலாப் பறவைகள் பறக்கும் திசை, நகராது நிற்கும் மேகம், தீவில் மோதி வளைந்து வரும் அலை ஆகியவை கண்ணுக்குத் தெரியாத தீவையும் காட்டிக்கொடுத்துவிடும்.

புறப்படாமலிருக்கும் அறிவு

கடற்பயணத்தில் மிக அரிய அறிவு, எப்போது புறப்படக் கூடாது என்பதே. கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும் காலத்தில் புயல்கள் உருவாகின்றன. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எனவே அனுபவமுள்ள குடும்பங்கள் அதற்கு முன்பே நியூசிலாந்து போன்ற இடங்களுக்கு விலகிவிடும். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அபாயம் மிகுதி. 1746 அக்டோபரில் சென்னையைக் கைப்பற்றி நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருவாகி விரைந்து வலுத்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மீனவர் பலர் மீளவில்லை. பல நாள் முன்பே புறப்பட்டுப் போனவரிடம் எச்சரிக்கை சென்று சேராவிட்டால், கரையிலுள்ள அறிவியலால் பயனில்லை.

நடுக்கடலில் சிக்கிக்கொண்டவருக்கு ஒரு விதி உண்டு. வட அரைக்கோளத்தில் காற்றை எதிர்நோக்கி நின்றால், புயலின் மையம் ஏறக்குறைய நம் வலப்புறத்தில் இருக்கும். தென் அரைக்கோளத்தில் அது இடப்புறம். விலகிச் செல்லும் வழியை இதைக்கொண்டே முடிவு செய்வர்.

இன்றிரவு வானம் தெளிவாக இருந்தால் வடக்கு நோக்கிக் கையை நீட்டுங்கள். அடிவானத்துக்கு மேல் ஒரு மூடிய கையும் இரு விரல்களும் அடுக்கிய உயரத்தில் துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரியும். அன்னபூரணியின் மாலுமிகளுக்கும் வடகடலில் வழிகாட்டிய விண்மீன் அதுவே.