கூரைமேல் கதிரவன்: மானியம் யாருக்கு?

நிஜாம் ஆட்சிக்காலத்தில், 1920-ஆம் ஆண்டில், உசேன் சாகர் ஏரிக்கரையில் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையம் ஒன்று எழுந்தது. ஐதராபாத் நகரின் விளக்குகள் நெடுநாள் அதன் துணையால் எரிந்தன. அந்நிலையம் இன்று இல்லை. ஆயினும், மாரேட்பள்ளியிலோ தார்நாகாவிலோ மாடியேறி நின்று சுற்றிலும் நோக்குவோர்க்குப் புதியதொரு காட்சி தென்படும். வீட்டுக் கூரைகள் சிலவற்றின்மேல் கருநீலக் கண்ணாடித் தகடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன. அன்று ஏரிக்கரையில் நடந்த தொழில் இன்று வீட்டு மாடியில் நடக்கிறது. இத்தகடுகளை நிறுவுவோர்க்கு அரசாங்கம் மானியமும் வழங்குகிறது. அம்மானியம் எத்தகையது? அதன் பயன் யாரைச் சேர்கிறது? பிறந்த ஊரைவிட்டு வந்து இங்கே வாழும் நாம் அதில் எங்கே நிற்கிறோம்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் தகட்டின் தொழிலை அறிந்துகொள்வது நலம். ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகளை அமைக்க ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தக்காண பீடபூமியின் வெயிலில் அவை ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட், அதாவது மாதத்திற்குச் சுமார் 120 யூனிட் மின்சாரம் தரும். கோடை உச்சத்தில் விளைச்சலும் உச்சமாக இருக்கும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. தகடு விரும்புவது ஒளியையே, வெப்பத்தை அன்று. அதன் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சல் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். ஆடி, ஆவணி மாதங்களில் மேகம் கவியும்போதும் குறைவு உண்டு. தூசியைத் துடைக்காமல் விட்டாலும் அவ்வாறே.

பகலில் வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சும் மின்சாரம் தெருக் கம்பிக்குச் செல்லும்; இரவில் தேவையானது அக்கம்பியிலிருந்தே வீட்டுக்கு வரும். வரவையும் செலவையும் குறித்துக்கொள்ள இருவழி மீட்டர் ஒன்று பொருத்தப்படும். வந்ததில் போனதைக் கழித்து, மிஞ்சியதற்கே கட்டணம். பலர் அறியாத செய்தி ஒன்றையும் இங்கே கூறவேண்டும். மின்கலம் இல்லாத இவ்வகை அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. எனவே, மின்வெட்டுக்கு மருந்து என்று கருதி இதை வாங்குவோர் ஏமாற்றமே அடைவர்.

இனி மானியத்திற்கு வருவோம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் ‘பிரதம மந்திரி சூரிய கர்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. 75,021 கோடி ரூபாய் அதன் ஒதுக்கீடு. 2026-27 நிதியாண்டு வரை அதன் காலம் என வகுக்கப்பட்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம். ஆக, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்குமேல் எத்தனை பெரிதாக அமைத்தாலும் தொகை உயராது. தகடுகள் நிறுவப்பட்டு, மின் வினியோக நிறுவனம் சோதித்து ஏற்றபின், தொகை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் சேரும்.

இப்போது கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு தெலங்கானாவில் வந்த கட்டணப் பட்டியலின்படி, மாதம் 400 யூனிட் செலவிடும் வீட்டின் மின்பயன் கட்டணம் 2,690 ரூபாய். 200 யூனிட் வரை ஒன்றுக்கு 5 ரூபாய் 10 காசாக இருக்கும் விலை, 300-ஐக் கடந்ததும் 9 ரூபாயாக ஏறுவதே இதன் காரணம். அவ்வீட்டில் மூன்று கிலோவாட் அமைத்தால், மாதம் 360 யூனிட் கிடைத்து, எஞ்சிய 40 யூனிட்டுக்கு 78 ரூபாயே ஆகும். மிச்சம் 2,600 ரூபாய்க்கு மேல். மாதம் 150 யூனிட் மட்டுமே செலவிடும் சிறு குடும்பத்தின் கட்டணமோ 580 ரூபாய். ஒரு கிலோவாட் அமைத்தால் அதற்கு மிச்சம் 520 ரூபாய் அளவே. மிகுதியாகச் செலவிடுவோர்க்கு 78,000 ரூபாய் மானியமும் கிலோவாட் ஒன்றுக்கு 870 ரூபாய் மிச்சமும்; சிக்கனமாக வாழ்வோர்க்கு 30,000 ரூபாய் மானியமும் 520 ரூபாய் மிச்சமும் என்றாகிறது.

ஏழைக் குடும்பங்களுக்கு வேறொரு வழி வகுக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தெலங்கானா அரசாங்கம் ‘கிருக ஜோதி’ என்னும் திட்டத்தால், மாநிலத்தின் உணவுப் பாதுகாப்பு அட்டை உடையவர்க்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. கூரையுள்ளவர்க்கு ஒரு மானியம், அட்டையுள்ளவர்க்கு ஒரு மானியம். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவர் யார்? சொந்தக் கூரையும் இல்லாமல், குடும்ப அட்டையைத் தமிழ்நாட்டிலேயே வைத்துவிட்டு, இங்கே வாடகை வீட்டில் வாழும் நம்மவர் பலர்! இரு மானியங்களுக்கும் வரிப்பணத்தின் மூலம் தம் பங்கைச் செலுத்துவோர் வரிசையிலோ அவர்களும் உண்டு.

அப்படியாயின் மானியமே தவறு என்று கூறலாமா? கூறுவதற்கில்லை. டென்மார்க் என்னும் சிறு நாடு 1979-இல் காற்றாலை நிறுவுவோர்க்கு விலையில் 30 விழுக்காடு உதவி அளித்தது. தொழில் வளர வளர அதைப் படிப்படியாகக் குறைத்து, பத்தாண்டளவில் நிறுத்திவிட்டது. ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சூரிய மின்சாரத்திற்கு உயர்ந்த விலை உறுதி செய்தது. அச்சுமையை அந்நாட்டு மக்கள் தம் மின்கட்டணத்தில் ஏற்றனர். அதனால் பெருகிய தேவையைச் சீனத் தொழிற்சாலைகள் பேரளவில் நிறைவு செய்யத் தகட்டின் விலை சரிந்தது. நம் நாட்டில் 2010-இல் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்திற்கு யூனிட் 17 ரூபாய் 91 காசு என விலை வகுத்தது. 2017-இல் ராஜஸ்தானத்துப் பாட்லாவில் அது 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிற்று. எவரோ அன்று கொடுத்த மானியத்தின் பயனை இன்று நாம் நுகர்கிறோம்.

ஆனால், எதற்காக மானியம் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுக் காற்றாலைகளே இதற்குச் சான்று. 1990-களில் காற்றாலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரி விதிகள் இடமளித்தன. முப்பந்தலிலும் சுற்றுப்புறத்திலும் காற்றாலைகள் விரைந்து எழுந்தன. ஆயினும், வரியை மிச்சப்படுத்தும் நோக்கம் முந்தியதால், எவ்வளவு மின்சாரம் விளைகிறது என்பதைச் சிலர் பொருட்படுத்தவில்லை. 2009-இன் இறுதியில்தான், விளையும் யூனிட் ஒன்றுக்கு 50 காசு என ஊக்கத்தொகை வந்தது. கம்பத்தை நடுவதற்குக் கூலி கொடுப்பதும், கம்பம் தரும் விளைவுக்குக் கூலி கொடுப்பதும் ஒன்றாகா. கூரைத் தகட்டுக்கும் இது பொருந்தும். நிறுவிய அன்றே மானியம் முடிந்துவிடுகிறது. தகட்டைத் துடைத்துப் பேணி 25 ஆண்டு பயன்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பே.

வாடகை வீட்டில் வாழ்வோர் செய்யத்தக்கது யாது? அடுக்குமாடிக் குடியிருப்பின் மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பு, படிக்கட்டு விளக்கு ஆகிய பொதுத் தேவைகளுக்குத் தகடு அமைக்கவும் இதே திட்டம் கிலோவாட் ஒன்றுக்கு 18,000 ரூபாய் தருகிறது. பொதுச் செலவு குறைந்தால், குடியிருப்போர் மாதந்தோறும் செலுத்தும் பராமரிப்புத் தொகையும் குறைய வழியுண்டு. ஆதலின் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துரைப்பது வாடகைதாரருக்கும் உரிய காரியமே. ஊரில் பெற்றோர் வாழும் சொந்த வீடு இருந்தால், அங்கும் இம்மத்திய மானியம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைப்பதால், சிறு செலவுள்ள வீட்டில் மிச்சம் குறைவாகவே இருக்கும். இரண்டு முதியவர் மட்டும் வாழும் வீட்டுக்கு மூன்று கிலோவாட் மிகையாகலாம். கடந்த ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து வைத்துக் கணக்கிட்ட பிறகே விற்பனையாளரிடம் பேசுவது விவேகம்.

வெயில் எல்லார் தலையிலும் ஒரே அளவாகத்தான் விழுகிறது. கூரைதான் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மானியம் என்பது பொதுப் பணம். அது கூரையுள்ளவரோடு நின்றுவிடாமல், கூரையின்கீழ் வாழ்வோர் அனைவரையும் எட்டும்போதுதான் அப்பெயருக்குப் பொருள் நிறையும். அவ்வாறு எட்டச் செய்யும்படி கேட்கும் உரிமை, எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், வரி செலுத்தும் நமக்கு உண்டு.