குரலும் ஒரு தாலந்தே

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதி வழியே சுமார் 3 கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரையை அடையலாம். அங்குள்ள பாறைக் குகைகளில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்த மறையான திரிபிடகம் ஓலைகளில் எழுதப்பட்டது என்பது மரபு. அதுவரை அம்மறை, ஆசிரியரின் நாவிலிருந்து மாணவரின் செவிக்கு வாய்மொழியாகவே வந்துகொண்டிருந்தது. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டியபோது, மனனம் செய்தோர் மடிந்தால் மறையும் மறைந்துவிடுமே எனத் துறவியர் அஞ்சினர். மனிதக் குரல் அத்துணை வலிமையானது, அத்துணை நிலையற்றதும்கூட.

அன்பார்ந்தவர்களே, இதே மலைநாட்டில் பிறந்த ஒரு குரலின் வரலாற்றை இன்று சிந்திப்போம். 1923ஆம் ஆண்டு நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், கொழும்புச் செட்டி மரபைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் பிறந்தார். ஏழு வயதில், கொழும்பு வெள்ளவத்தையில் தாம் பயின்ற பாடசாலையின் கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தில் முதன்முதலாக மேடையேறினார். பன்னிரண்டாம் வயதளவில் இராமாயண நாடகத்தில் நடித்தார். பின்னாளில் நாடே அவரை ருக்மணி தேவி என்று அறிந்தது.

1947 ஜனவரி 21ஆம் நாள், முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ கொழும்பில் திரையிடப்பட்டது. அதன் கதாநாயகி இவரே. படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் எடுக்கப்பட்டதோ மதுரையில். கணவர் எடி ஜயமான்னவும் அப்படத்தில் நகைச்சுவை நடிகராகத் தோன்றினார்.

இவரது வாழ்வு நம் குடும்பங்களுக்கு மூன்று பாடங்களைத் தருகிறது.

முதலாவது, திறமை முளைவிடும் இடம் பெரிய அரங்கம் அன்று. பாடசாலையின் சிறிய நத்தார் மேடையே இவருக்கு முதற்படியாயிற்று. பங்கின் பாடகர் குழுவில் தயங்கித் தயங்கிப் பாடும் நம் பிள்ளையை நாம் செவிமடுக்கிறோமா? பரிசு பெற்றால் மட்டும் பாராட்டி, தோற்றால் முகம் சுளிக்கும் பெற்றோர், தாலந்தை வளர்ப்பதில்லை; அதனைச் சுமையாக்குகின்றனர்.

இரண்டாவது, கலை வேலிகளைக் கடக்கும். இவர் தமது பதின்பருவத்தில், எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து புத்தகயாவைப் போற்றும் சிங்களப் பக்திப் பாடலொன்றை இசைத்தட்டில் பாடினார். கிறிஸ்தவ இல்லத்துச் சிறுமியின் குரலைப் பௌத்த மக்கள் தங்கள் குரலாகவே ஏற்றுப் போற்றினர். மொழியாலும் மதத்தாலும் பிளவுண்டு குருதி சிந்திய நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. அயலவரின் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்பது தொழிலுக்காக மட்டுமன்று. அயலவரின் மகிழ்விலும் துயரிலும் பங்குகொள்வதற்காகவுமாம்.

மூன்றாவது, புகழ் தங்காது, உழைப்பு தாழ்வன்று. காலம் மாறியது, கதாநாயகி வேடங்கள் குறைந்தன. நாட்டின் முதல் திரைநட்சத்திரம், இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று திறந்தவெளி மேடைகளில் பாடினார். 1978 ஒக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் பாடிவிட்டு வீடு திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அண்மையிலுள்ள துடெல்லவில் நிகழ்ந்த வாகன விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. இறுதிவரை அவர் உழைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு கேள்வியையும் இவ்வாழ்வு நம்முன் வைக்கிறது. கைதட்டி மகிழ்ந்த நாம், கலைஞர் முதுமையடையும்போது எங்கே போகிறோம்? திரைநட்சத்திரங்களை விடுங்கள். ஆண்டுக்கணக்காய் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசித்தவர், பாஸ்கா நாடகத்தில் நடித்தவர், நம் பிள்ளைகளுக்குப் பாடல் கற்பித்தவர், இன்று எந்தத் திண்ணையில் தனித்து அமர்ந்திருக்கிறார்?

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் தாலந்து உவமையை நாம் அறிவோம். தாலந்தைப் புதைத்தவன் கண்டிக்கப்பட்டான். தலைவன் பார்த்தது கிடைத்த கைதட்டலை அன்று. தந்ததைப் பயன்படுத்திய உண்மையை. அதே அதிகாரத்தில்தான் பசித்தவரையும் நோயுற்றவரையும் தேடிச் சென்றோர் வாழ்த்துப் பெறுகின்றனர்.

எனவே இந்த வாரம் இரண்டு செயல்களைச் செய்வோம். நம் பிள்ளை பாடுவதை, திருத்தாமல் ஒருமுறை முழுமையாகக் கேட்போம். நம் பங்கிலுள்ள முதிய கலைஞர் ஒருவரின் வீட்டுக்குக் குடும்பமாகச் சென்று நன்றி கூறுவோம். அவர் செவிகேட்க அந்நன்றியைச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.