தொப்பூர்க் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் மருத்துவக் காப்பீடு

தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகும் வண்டிகளில் மோதுவது இன்று நேற்று தொடங்கிய துயரம் அல்ல. 2024 ஜனவரியில் அப்படி மோதிய வண்டிகள் தீப்பிடித்து நான்கு பேர் இறந்தார்கள். இந்தச் சாலையை நம்பித்தான் இங்கே பிழைப்பு நடக்கிறது. வண்டிக்குத் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டும் எத்தனையோ வீடுகளில் உடம்புக்கு ஒன்றும் இருப்பதில்லை. கேட்டால், "அதுக்கெல்லாம் எங்கே காசு?" என்பார்கள். காசே இல்லாமல் கிடைக்கும் காப்பீட்டிலிருந்து தொடங்குவோம்.

முதலில் அரசு அட்டை

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடப்பது இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம். முன்பு வரம்பு 72,000 ரூபாய்தான். அப்போது இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்க் கேட்க வேண்டும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு 2018இல் இணைந்த பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது.

குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவை தேவை. பதிவு மையம் தருமபுரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. பலர் இந்த அட்டையைத் தேடுவது நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான். ஒருவர் படுக்கையருகே இருக்க, இன்னொருவர் சான்றுக்கு அலைய வேண்டிவரும். புதிதாக வந்த மருமகள் பெயரும் பிறந்த குழந்தை பெயரும் ரேஷன் கார்டில் ஏறியிருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விவரம் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றாடம் விழுங்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு இந்த அட்டை பயன்படாது. அதற்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது; மாத்திரை வீடு தேடி வரும்.

கணவாயில் அடிபட்டால்

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை இருக்கிறதா, எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பின்னர் இரண்டு லட்சமாக உயர்ந்தது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 108ஐ அழைக்கும்போதே, இந்தத் திட்டம் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 48 மணி நேரம் கடந்தபின் முதலமைச்சர் திட்ட அட்டைதான் கைகொடுக்கும்.

இதோடு, வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதினர் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் வரும். அது ஆஸ்பத்திரிச் செலவைத் தராது. லாரி ஓட்டுபவர் எவரும் அது இல்லாமல் இருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு

கம்பெனி வேலையில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும். வேறு பாலிசிக்கு அவசரம் இல்லை.

இ.எஸ்.ஐ.யும் இல்லை, அரசு அட்டைக்கும் தகுதி இல்லை என்றால் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த பொதுப் பாலிசி இது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே. பிரீமியம் மட்டும் மாறும். அதனால் நான்கு இடத்தில் விலை கேட்டு ஒப்பிடலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. கையெழுத்திடும் முன் சேலம், தருமபுரியில் எந்தெந்த ஆஸ்பத்திரி பட்டியலில் உள்ளது என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் பெங்களூரில் வேலை பார்த்தால் அந்த ஊர்ப் பட்டியலும் வேண்டும்.

அறை வாடகையைப் பாருங்கள்

பலர் ஏமாறும் இடம் இது. இந்தப் பாலிசியை இரண்டு லட்சத்துக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை வரம்பு அதில் 2 சதவீதம், அதாவது நாளுக்கு 4,000 ரூபாய். ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்தால் வாடகை 40,000. அதில் 20,000தான் கிடைக்கும். அதோடு போகாது. டாக்டர், அறுவைசிகிச்சைக் கட்டணம் 60,000 என்றால் அதிலும் பாதிதான் ஏற்பார்கள். மருந்து, பரிசோதனை 40,000 மட்டும் வெட்டுப்படாது. இந்த 90,000த்திலும் 5 சதவீதம் நம் பங்கு. 1,40,000 ரூபாய் பில்லில் 54,500 ரூபாய் கையிலிருந்து போகும். அதே சிகிச்சையை 4,000 ரூபாய் அறையில் பெற்றிருந்தால், மற்றக் கட்டணங்கள் மாறாவிட்டாலும், நம் செலவு 6,000 ரூபாய்தான். ஆகவே அட்மிஷன் போடும்போதே வரம்பைச் சொல்லி அறை கேளுங்கள்.

சர்க்கரையை மறைக்காதீர்கள்

பிரீமியம் ஏறுமே என்று படிவத்தில் "நோய் இல்லை" என எழுதச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். உள்ளதைச் சொன்னால் அந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மறைத்தது தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம். முதல் 30 நாளில் விபத்துச் சிகிச்சைக்கு மட்டுமே பணம் வரும். கண்புரை, குடலிறக்கம், மூலம் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டு ஆகும். ஆகவே நோய் வருமுன், இளம் வயதிலேயே எடுப்பதுதான் மலிவு. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம்.

பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் வீட்டில் அரசுக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், இந்த வாரமே வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.