வாட்டும் தொட்டியின் வாசலில் ஒரு சமன்பாடு

நுவரெலியாவுக்கு அருகே, கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை இப்போது ஹோட்டல். விருந்தினர் தூங்கும் மேல்மாடிகளில் ஒருகாலத்தில் கொழுந்து வாடியது. சுவர் முழுக்க ஜன்னல் வைத்ததும் அதற்காகத்தான். காய்ந்த காற்று வீசினால் திறப்பார்கள்; மழை மூட்டம் வந்தால் சாத்துவார்கள்.

இன்று அந்த வேலையை நீண்ட தொட்டிகள் செய்கின்றன. ஒரு முனையில் விசிறி ஊதும் காற்று, வலையில் பரப்பிய கொழுந்தினூடாக மேலேறி ஈரத்தை எடுத்துச் செல்லும். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதில் கணிசமான பகுதி போனால்தான் உருட்டும்போது இலை நொறுங்காமல் முறுகும்.

இந்தத் தொட்டியைக் கணினியில் கட்டிப் பார்க்கலாம். காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் கணக்கிடும் மென்பொருள், உள்ளே என்ன நடக்கும் என்பதைப் பௌதிக விதிகளைக் கொண்டு தானே தீர்க்கும். விளிம்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நாம்தான் சொல்லவேண்டும். அதற்கு எல்லை நிபந்தனை என்று பெயர். உள்ளே வரும் காற்று 16 பாகை என்று ஒரே எண்ணைக் கொடுத்தாலும் கணக்கு ஓடும். ஆனால் வாட்டம் பல மணி நேர வேலை. நுவரெலியாக் காற்று அத்தனை நேரமும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆகவே எண்ணுக்குப் பதில் சமன்பாடு:

வெப்பநிலை = 289 + 4.5 × சைன் (2 × 3.1416 × நேரம் ÷ 86,400)

289 என்பது கெல்வினில் 16 பாகை செல்சியஸ். 86,400 என்பது ஒரு நாளின் செக்கன்கள். அங்கே 24 என்று எழுதினால், நேரத்தைச் செக்கனில் எண்ணும் மென்பொருளுக்கு 24 செக்கனில் ஒரு நாள் முடிந்துவிடும். அது முறைப்பாடும் செய்யாது. இதைவிடக் கள்ளமான பிழை ஒன்றுண்டு. இந்தச் சமன்பாட்டில் நேரம் சுழியமாக இருக்கும்போது வெப்பம் சராசரியில் நின்று ஏறத் தொடங்குகிறது. அதாவது காலை 9 மணி போல. கொழுந்தை மாலை 6 மணிக்குப் பரப்பினால் நேரத்தோடு 32,400 செக்கனைக் கூட்டவேண்டும். கூட்டாவிட்டால் இராக் கொழுந்தைக் கணினி பகல் காற்றில் வாட்டிவிட்டு, நல்ல வாட்டம் என்று அறிக்கை தரும்.

கொம்சோல் என்ற மென்பொருளில் இப்படியான கோவையை உரிய பெட்டியில் அப்படியே தட்டச்சு செய்யலாம். அன்சிஸ் புளூவென்ட்டில் நெடுங்காலம் இதற்குச் சி மொழியில் சிறு நிரல் எழுதினார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோமிலும் சில வரி நிரலைச் செருக வழியுண்டு. மாணவருக்கு நான் ஓப்பன்ஃபோமையே சொல்வேன்.

மழைக்காலத்தில் சைன் மட்டும் போதாது. உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பாகையைக் காட்டினால் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. கொழுந்திலிருந்து அது எதையும் வாங்காது. அப்போது தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் சூடான காற்றைக் கலக்கச் சொல்வார். அவருடைய தீர்மானமும் சமன்பாட்டுக்குள் வரவேண்டும்: வித்தியாசம் இவ்வளவுக்குக் குறைந்தால் இத்தனை பாகை கூட்டு. ஒரே கணத்தில் 12 பாகை எகிறினால் கணக்கு நிலைகுலையக்கூடும். சில நிமிடங்களில் படிப்படியாக ஏற்றவேண்டும். உண்மையில் தொழிற்சாலையிலும் சூடு அப்படித்தான் ஏறுகிறது. அந்த 'இவ்வளவு' எத்தனை என்பதற்கு மென்பொருளிடம் விடை கிடையாது. தொழிற்சாலையின் இராப் பதிவேட்டிலோ, 1925ஆம் ஆண்டு தொடங்கி இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டல்களிலோதான் தேடவேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகும் பலர் தொடாமல் விடும் பெட்டி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதில் 101,325 பாஸ்கல் என்று முன்கூட்டியே நிரம்பியிருக்கும். அது கடல் மட்டத்து வளிமண்டல அழுத்தம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது சுமார் 81,000தான். காற்றின் அடர்த்தியும் அதே அளவுக்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, குறைகிறது. விசிறி அதே கனவளவை ஊதினாலும் தொட்டிக்குள் போகும் காற்றின் திணிவு குறைவு. ஈரக் குமிழ் அளவிலிருந்து ஈரப்பதனைக் கணிக்கும் சூத்திரத்திலும் இந்த அழுத்தம் நுழைகிறது. கொழும்பு எண்ணை வைத்துக்கொண்டு சைனை எவ்வளவு நுணுக்கமாகத் திருத்தினாலும் மலைத் தொட்டியின் விடை வராது.