74-ஐ 21 என்று படிக்கும் கண்கள்

எழுத்துத் தேர்வில் தேறியாயிற்று, மருத்துவப் பரிசோதனை மட்டுந்தான் பாக்கி என்ற நிம்மதியோடு ரயில்வே மருத்துவமனைக்குள் நுழைகிற ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வட்டம், வட்டம் நிறைய வண்ணப் புள்ளிகள். முதல் பக்கத்தில் 12 என்று சரியாகச் சொல்லிவிடுகிறார். அதை எல்லோருமே சொல்லிவிடுவார்கள். அதற்காகவே வைத்த பக்கம் அது. சில பக்கங்கள் தள்ளி இன்னொரு வட்டம். “21” என்கிறார். மருத்துவர் நிமிர்ந்து பார்க்கிறார். அங்கே இருப்பது 74.

தன் கண்ணுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் குறைவு என்று அதுவரை அவருக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. இலையைக் காட்டி ஊர் ‘பச்சை’ என்றது. அவரும் பச்சை என்றே சொல்லி வளர்ந்தார். அவர் கண்ட பச்சை எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. வேலியில் கோவைப்பழம் பறிக்கப் போனபோது மற்ற பையன்கள் பை நிரப்புவதற்குள் இவருக்கு இரண்டு பழம்தான் அகப்பட்டிருக்கும். கேலியோடு அது முடிந்துபோயிருக்கும்.

அணுக்கொள்கை தந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் டால்டனுக்கே 26 வயதுவரை இது தெரியவில்லை. 1792-இல் ஒரு மாலை, பகலில் வானநீலமாகத் தெரிந்த ஜெரேனியப் பூ மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிவதைக் கண்டு திகைத்தார். மற்றவர்களுக்கோ அது பகலிலும் இரவிலும் இளஞ்சிவப்புப் பூ. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மாற்றமும் இல்லையே என்றார்கள். “ஆமாம், மாறுகிறது” என்று ஒத்துக்கொண்டவர் அவருடைய உடன்பிறந்த சகோதரர் மட்டும்.

டால்டன் சும்மா விடவில்லை. 1794-இல் மான்செஸ்டரில் அறிஞர் கழகத்தின் முன்னால் தன் கண்களைப் பற்றியே ஒரு கட்டுரை படித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் தனக்கு நீலமாக இருக்க வேண்டும், அதுதான் சிவப்பை விழுங்கிவிடுகிறது என்பது அவர் ஊகம். சரியா என்று உயிரோடு இருக்கும்போது பார்க்க முடியாதே! இறந்தபின் கண்களை எடுத்துச் சோதிக்கச் சொல்லிவைத்தார். 1844 ஜூலையில் அவர் காலமான மறுநாள், மருத்துவர் ஜோசப் ரான்சம் ஒரு கண்ணின் திரவத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தார். தெளிந்த நீர்போல இருந்தது. மறு கண்ணின் பின்புறத்தை வெட்டித் திறந்து அதன் வழியே சிவப்பையும் பச்சையையும் நோக்கினார். இரண்டும் வேறு வேறாகவே தெரிந்தன. ஐம்பது ஆண்டு ஊகம் ஒரே நாளில் பொய்யாயிற்று.

ஆனால் கண்களைத் தூக்கிப் போடவில்லை. அவற்றின் எச்சத்தைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை 1995-இல் ஆராய்ந்தபோது உண்மைக் காரணம் கிடைத்தது: பச்சைப் பகுதி ஒளியை உணரும் நிறமிக்கான மரபணு டால்டனிடம் இல்லை. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இந்தக் குறைபாட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீள ஒளிக்கு ஒவ்வொன்று. மூன்றின் சமிக்ஞைகளையும் ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைக் கணக்கிடுகிறது. முதல் இரண்டுக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று அச்சு அசல்போலவும் இருக்கின்றன. அதுதான் வம்பு. கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் துண்டுகளை மாற்றிக்கொள்கையில் வரிசை இடறி, ஒன்று விடுபடும். அல்லது இரண்டும் கலந்து கலப்படமாகிவிடும். விடுபட்டால் சிவப்பு–பச்சைக் குறை கடுமையாகும். கலப்படமானால் பெரும்பாலும் மிதமாக இருக்கும்.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாற்று கிடையாது. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு இந்தக் குறை இருக்க, பெண்களில் அரை சதவீதத்துக்குத்தான் இருப்பது இதனால்தான். பேரனுக்கு இது வந்தால் அம்மாவழித் தாத்தாவையோ தாய்மாமனையோ விசாரித்துப் பார்க்கலாம். அக்காள் மகளைக் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இன்னொரு கணக்கும் உண்டு: மாமனுக்கு இந்தக் குறை இருந்து, மணப்பெண்ணும் அதே மரபணுவைச் சுமந்தால், அவர்களுக்குப் பிறக்கும் பெண்ணுக்கும் வர வாய்ப்பு கூடுகிறது.

‘நிறக்குருடு’ என்ற சொல்லே பொருத்தமில்லாதது. இவர்களில் பெரும்பாலோர் நீலம், மஞ்சளை நன்றாகவே பார்ப்பவர்கள். நிறமே தெரியாதவர்கள் மிக அரிது. பசிபிக்கில் உள்ள பிங்கலாப் தீவு மட்டும் விதிவிலக்கு. 1775 வாக்கில் அடித்த சூறாவளியில் சுமார் இருபது பேரே மிஞ்ச, அந்தச் சிறு கூட்டத்திலிருந்து பெருகிய மக்களில் இன்று நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு உலகம் கறுப்பு வெள்ளைதான். வெயிலில் கண்ணும் கூசும்.

நிறக்குறை நோயாலும் மருந்தாலும் இடையில் வருவதும் உண்டு. காசநோய்க்குத் தரும் எதாம்ப்யூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பு, பச்சை மங்குவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. பிறவிக் குறைக்கு அவசரம் இல்லை. இதற்கு உண்டு, உடனே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

நிறப் பார்வைச் சோதனைகளைப் பரவலாக்கியது மருத்துவமல்ல, ரயில். 1875-இல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தனர். ஊழியருக்கு நிறம் தெரியாததே காரணம் என்று ஃபிரித்யோஃப் ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர் சந்தேகித்தார். அது உண்மையா என்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்கே ஐயம் உண்டு. ஆனாலும் அவர் கம்பளி நூல்கண்டுகளை ஊழியர்கள் முன் பரப்பி, இதைப் போன்ற நிறத்தையெல்லாம் பொறுக்கு என்றார். 266 பேரில் 13 பேர் தவறாகப் பொறுக்கினார்கள்.

ரயில்வே இளைஞர் பார்த்த புத்தகம் ஜப்பான் ராணுவக் கண் மருத்துவர் இஷிஹாரா ஷினோபு உருவாக்கியது, 1917-இல் வெளியானது. சில பக்கங்களில் மனிதர் ஒரு குறும்பு செய்திருக்கிறார்: குறைபாடு உள்ளவருக்கு மட்டும் எண் தெரியும், மற்றவர்களுக்கு வெறும் புள்ளிகள். பகல் வெளிச்சத்தில், 75 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, மூன்று நொடிக்குள் பதில் வாங்க வேண்டும் என்பது முறை. செல்பேசித் திரையில் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது வீண். திரை நிறம் அச்சு நிறமாகாது. பக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களும் உண்டு என்பதால், ரயில்வேயில் சிறு வண்ண விளக்கைக் காட்டிக் கேட்கும் சோதனையும் இருக்கிறது. இஷிஹாரா புத்தகம் குறை உண்டா இல்லையா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்பதைத் திட்டமாக அளக்காது. அதற்கு அனோமலோஸ்கோப் போன்ற கருவி வேண்டும்.

இந்த ‘எவ்வளவு’ என்ற கேள்வியை நம் நாட்டில் ஓட்டுநர் உரிமம் தரும்போது நெடுங்காலம் கேட்கவில்லை. 2020 ஜூனில்தான், மிதமான குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என மத்திய அரசு விதியைத் திருத்தியது. சிக்னலில் சிவப்பு எப்போதும் மேலேதானே இருக்கிறது! 2023 அக்டோபரில் தமிழ்நாடு மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணி தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. நிறக்குறையைக் காட்டி வேலை மறுக்கப்பட்டவரைப் பணியில் சேர்க்கும்படி தீர்ப்பாயிற்று.

நிறக்குறையைத் தீர்ப்பதாக விற்கப்படும் கண்ணாடிகள் சில நிறங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும். இல்லாத கூம்பு செல்லை உண்டாக்காது. குறையையே ஈடுசெய்வது குரங்குகளிடம் ஓரளவு நடந்திருக்கிறது. சிவப்பு–பச்சை பிரித்தறியாத இரண்டு அணில் குரங்குகளின் விழித்திரையில் அமெரிக்க ஆய்வாளர்கள் விடுபட்ட மரபணுவைச் செலுத்தினார்கள். சில மாதங்களில் அவை நிறப் புள்ளிச் சோதனையில் தேறின என்று 2009-இல் அறிவித்தார்கள். அந்தக் குரங்குகளில் ஒன்றுக்கு வைத்திருந்த பெயர் டால்டன்.