லாரி எஞ்சினின் உஷ்ண நிர்வாகம்: தெர்மாஸ்டாட்டும் மின்சார விசிறியும்

காய்கறி, வாழை, மஞ்சள் முதலிய விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டுபோகும்பொருட்டுக் குடியானவர்கள் பலர் இக்காலத்தில் சொந்தமாகவே சிறு லாரிகளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டிமாட்டின் தீனியையும் நோயையும் அறியாத குடியானவர் முற்காலத்தில் எவரும் இலர். ஆனால் லாரியின் விஷயத்தில் சகலத்தையும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, அவர் சொன்னதே பிரமாணம் என்று இருப்பவர்களே அதிகம். எஞ்சின் அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் கெடும் என்பதை எல்லோரும் அறிவர். அளவுக்குக் குறைந்து குளிர்ந்திருந்தாலும் கெடும் என்பதை அறிந்தவர் சிலரே. இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே எஞ்சினை நிறுத்தி வைக்கும் கருவிகள் இரண்டு: ஒன்று தெர்மாஸ்டாட், மற்றொன்று விசிறி. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைப்பது எவ்வாறு என்பதை இங்கே கூறுவோம்.

கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர்களுக்கு இவ்விஷயம் முற்றும் புதிதன்று. பம்பு இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கை எஞ்சினுக்குள் செலுத்தி வெளியே விடுவது வழக்கம். குழாயை முழுவதும் திறந்துவிட்டால், எஞ்சினை விட்டு வெளிவரும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைப் போலவே குளிர்ந்திருக்கும். எஞ்சின் நன்றாகக் குளிர்ச்சியாயிருக்கிறது என்று குடியானவர் மகிழ்வார். ஆனால் டீசல் அதிகமாகச் செலவாகும், கரி படியும், லைனர் சீக்கிரம் தேயும். தண்ணீரைக் குறைத்து, வெளிவருவது கை பொறுக்கும் சூடாயிருக்கும்படி திருப்பி வைத்தால் அதே எஞ்சின் குறைந்த எண்ணெயில் அதே வேலையைச் செய்யும். அங்கே நாம் கையால் குழாயைத் திருப்புகிறோம். லாரியில் அந்த வேலையைத் தானாகவே செய்வதுதான் தெர்மாஸ்டாட்.

எரியும் எண்ணெயிலிருந்து பிறக்கும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கை எஞ்சினைச் சுற்றியுள்ள ஜலம் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. தெர்மாஸ்டாட் இந்த ஜலத்தின் வழியில் அமைந்த ஒரு சிறு கதவு. அதனடியில் உள்ள பித்தளைக் குப்பியில் ஒருவகை மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகிப் பருத்து ஒரு தண்டைத் தள்ள, கதவு திறக்கும். சூடு தணிந்தால் வில் அதனை மூடிவிடும். பழைய எஞ்சின்களில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்தி போன்ற அமைப்பு இருந்தது. மெழுகு வகையைச் செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930-ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார். இப்போது பெரும்பாலும் அதுவே வழங்குகிறது.

கதவு மூடியிருக்கும்வரை ஜலம் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழி ஒன்றின் மூலம் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். தெர்மாஸ்டாட்டின் விளிம்பில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரணமாக 71, 82, 88, 91 என்ற சென்டிகிரேடு எண்களைக் காணலாம். அமெரிக்கக் கணக்கில் 160, 180, 195 என்று பாரன்ஹீட்டில் இருக்கும். அவ்வெண் கதவு திறக்கத் தொடங்கும் சூடு என்பதை மறக்கலாகாது. முழுவதும் திறப்பதற்கு அதற்குமேல் இன்னும் சுமார் 10 டிகிரி வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் மயங்குகிறார்கள். லாரி கொதிக்கிறது என்றவுடன், 88-ஐக் கழற்றிவிட்டு 71 போடலாம் என்றோ, தெர்மாஸ்டாட்டையே எடுத்தெறிந்துவிடலாம் என்றோ யோசனை சொல்லுகிறார்கள். தெர்மாஸ்டாட் எஞ்சினின் கீழெல்லையைக் காப்பதேயன்றி மேலெல்லையைக் காப்பதன்று. 100 டிகிரியில் நிற்கும் எஞ்சினில் 71 எண்ணுள்ளதும் முழுவதும் திறந்திருக்கும்; 88 எண்ணுள்ளதும் முழுவதும் திறந்திருக்கும்; இரண்டிற்கும் வித்தியாசம் இல்லை. முழுவதும் திறந்த பிறகும் சூடு ஏறுமானால் குற்றம் ரேடியேட்டரிலோ, மூடியிலோ, பம்பிலோ, விசிறியிலோதான் இருக்கவேண்டும். தெர்மாஸ்டாட்டை எடுத்துவிடுவது இன்னும் கெடுதல். பல எஞ்சின்களில் தெர்மாஸ்டாட் திறக்கும்போது பக்கவழியை மூடும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பக்கவழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஜலத்தில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பாராமலே திரும்பிவிடும். ஆகவே பாரமேற்றி மலையேறும்போது முன்னைவிட அதிகமாகக் கொதிப்பதும், இறக்கத்தில் முன்னைவிட அதிகமாகக் குளிர்வதும் ஆகிய இரண்டு தீமைகளும் ஒருங்கே வரும்.

குளிர்ந்த எஞ்சினில் லைனரின் சுவரில் ஈரம் படியும். எண்ணெயிலுள்ள கந்தகம் எரிந்த புகை அவ்வீரத்தோடு கலந்து திராவகமாகி இரும்பை அரிக்கும். 1930-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சிகளிலேயே, குளிர்ந்தோடும் எஞ்சின்களின் தேய்மானத்திற்கு உராய்வைக்காட்டிலும் இவ்வரிப்பே பெருங்காரணம் என்று தெரியவந்தது. இன்றைய டீசலில் கந்தகம் மிகவும் குறைவு. எனினும் ஈரமும், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கி அதனை நீர்த்துப்போகச் செய்வதும் ஒழியவில்லை. அளவுக்கம்பியில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே வருமானால் அது சந்தோஷப்படத்தக்க விஷயமன்று.

மலைத் தாலுகா ஒன்றில் முட்டைக்கோசும் காரட்டும் பயிரிடும் மிராசுதார் ஒருவர் தம் லாரியை என்னிடம் காட்டினார். மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சரக்கை இறக்கிவிட்டு உர மூட்டைகளுடன் திரும்பும்போது ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடும் என்றார். எஞ்சினோடு சேர்ந்து சுழன்ற பழைய விசிறி உடைந்தபின், பட்டறை ஒன்றில் மின்சார விசிறி வைத்திருந்தார்கள். கொதிக்கத் தொடங்கியதும் மற்றொரு பட்டறையில் தெர்மாஸ்டாட்டை எடுத்துவிட்டார்கள். அதன்பின் டீசல் செலவு கூடிற்று. ஏற்றத்தில் கொதிப்பதும் நின்றபாடில்லை. நான் எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுழலும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். அது ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ளாமல் முன்னே பறந்தது. விசிறிக்கு வரும் இரண்டு கம்பிகளும் மாற்றிக் கட்டப்பட்டிருந்தன! எஞ்சினுக்குப் பின்னாலுள்ள காற்றை விசிறி முன்னே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது எப்பக்கத்துக் காற்றாயினும் ஓரளவு குளிரச் செய்யும். ஆகவே பட்டறையில் குற்றம் தெரியவில்லை. வேகமாய்ப் போகும்போது எதிர்க்காற்று விசிறியை வென்றுவிடும். ஆகவே சமவெளியிலும் தெரியவில்லை. 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறும்போதோ, எதிர்க்காற்றும் விசிறிக்காற்றும் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ள, ரேடியேட்டருக்குக் காற்றே இல்லாமற்போயிற்று. கம்பிகளை மாற்றிக்கட்ட ஐந்து நிமிஷமே ஆயிற்று. குற்றமற்ற தெர்மாஸ்டாட் குப்பையில் கிடந்தது; புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம்.

இனி எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. முதலாவது, தெர்மாஸ்டாட்டுக்கு எஞ்சின் செய்தவர்கள் குறித்த எண்ணையே போடவேண்டும். நமது ஊர் வெயிலுக்கு அது அதிகம் என்று சிலர் சொல்லுவது சரியன்று. சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரி இருந்தாலும், 82 டிகிரி ஜலத்துக்கும் அதற்கும் 42 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசமே உஷ்ணத்தை வெளியேற்றுவது. ஜலத்தை 71-க்கு இறக்க முயன்றால் வித்தியாசம் 31 ஆகக் குறைந்து, ரேடியேட்டரின் வேலை கடினமாகுமேயன்றி எளிதாகாது.

இரண்டாவது, விசிறி சுழலத் தொடங்கும் எண், தெர்மாஸ்டாட் முழுவதும் திறக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். கதவு பாதி திறந்திருக்கும்போதே விசிறியைச் சுழற்றுவது மின்சாரத்தை வீணாக்குவதாகும். மூன்றாவது, விசிறி நிற்கும் எண், தெர்மாஸ்டாட் திறக்கத் தொடங்கும் எண்ணுக்குச் சில டிகிரி மேலேயே இருக்கவேண்டும். இதைத்தான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். 88 எண்ணுள்ள தெர்மாஸ்டாட் உள்ள எஞ்சினில் விசிறியை 85-இல் நிற்கும்படி வைத்தால், ஜலம் 88-க்குக் கீழே இறங்கப்போகும்போதே கதவு மூடிக்கொள்ளும். 85 என்பது வரவே வராது. விசிறி ஓயாமல் சுழன்று மோட்டாரும் பாட்டரியும் கெடும். உதாரணமாக, உணர்கருவி எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்குமானால், 82 எண்ணுக்கு 94-இல் தொடங்கி 88-இல் நிற்பதும், 88 எண்ணுக்கு 100-இல் தொடங்கி 94-இல் நிற்பதும் தக்க அமைப்பாகும். இரண்டு எண்களுக்கும் இடையே 5, 6 டிகிரியாவது இல்லாவிட்டால் விசிறி நிமிஷத்துக்கொருமுறை விழித்துத் தூங்கும்.

உணர்கருவி ரேடியேட்டரின் அடித்தொட்டியில் இருக்குமானால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே இருப்பது காற்றுக்கு உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்த ஜலம். எஞ்சின் தலையிலும் அடித்தொட்டியிலும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதென்று பாரத்தோடு ஓட்டி அளந்து, அவ்வளவைக் கழித்து விசிறியின் எண்ணை வைக்கவேண்டும்.

மலைநாட்டார் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் காப்பது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி நன்றாயிருந்தால், கடல்மட்டத்தில் தண்ணீர் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் 100-லேயே கொதிக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்திலோ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது 94-இல் தொடங்கவேண்டிய விசிறி தொடங்குமுன்பே ஜலம் ஆவியாகிவிடும். ஆகையால் மலையில் ஓடும் லாரிக்கு விசிறியின் எண்ணைக் குறைப்பதற்குமுன் மூடியை மாற்றிப் பார்ப்பதே முறை. சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. எஞ்சின் ஆறும்வரை அதனைத் தொடவே கூடாது.

சமவெளியார் கவனிக்கவேண்டியது தூசும் உமியும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூள் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே கம்பளிபோலப் படிந்துவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரைப் பீச்சிக் கழுவவேண்டும். முன்னாலிருந்து பீச்சினால் தூசு உள்ளேயே இறுகும். போர்க்கிணற்று உப்புநீரை ஊற்றினால், தினந்தோறும் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் படிவது போல உள்ளே சுண்ணாம்பு படியும். வாலை நீரும் கூலண்ட் என்னும் திரவமும் கலந்து ஊற்றுவதே உத்தமம்.

பழைய தெர்மாஸ்டாட் நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கதவினிடையே ஒரு நூலை நுழைத்து, அந்நூலாலேயே அதைப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, அடிப்பாகத்தில் படாதபடி ஓர் உஷ்ணமானியையும் தொங்கவிட்டுச் சூடேற்றவேண்டும். கதவு திறந்தவுடன் நூல் நழுவித் தெர்மாஸ்டாட் கீழே விழும். அப்போது உஷ்ணமானி காட்டும் எண், பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் இருக்கவேண்டும்; காற்று வெளியேறும் சிறு துவாரம் இருந்தால் அது மேலே இருக்கவேண்டும்.

மின்சார விசிறியைப் புதிதாக வைப்பவர்கள் கம்பிகளின் கனத்தில் சிக்கனம் பார்க்கலாகாது. 12 வோல்ட் விசிறி 20 முதல் 30 ஆம்பியர்வரை வாங்கும். தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். உணர்கருவி ரிலேயை மாத்திரம் இயக்க, ரிலேயே விசிறிக்கு மின்சாரம் கொடுக்கவேண்டும். பாட்டரிக்கு அருகில் பியூஸ் ஒன்று அவசியம். பல டன் ஏற்றும் பெரிய லாரிகளுக்கு இவ்விசிறிகள் போதா. அவற்றின் விசிறிக்கே பல குதிரைச்சக்தி வேண்டியிருப்பதால் எஞ்சினே அதைச் சுழற்றுவதுதான் தக்கது. 2020 ஏப்ரல் முதல் அமலான பி.எஸ். 6 விதிகளின்படி செய்யப்பட்ட வண்டிகளில் விசிறியைக் கம்ப்யூட்டரே நடத்துகிறது. அவற்றில் குறைந்த எண்ணுள்ள தெர்மாஸ்டாட் போட்டால், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று அது கருதும். புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலையும் தடைப்படும். அவ்வண்டிகளில் எதையும் மாற்றாதிருப்பதே நலம்.

கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை டிராக்டர்களையும் லாரிகளையும் மேற்பார்க்கும் கிராம உத்தியோகஸ்தர்கள், தெர்மாஸ்டாட் எண், விசிறி தொடங்கும் எண், நிற்கும் எண், மூடியின் அழுத்தம் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறத்தில் ஒட்டி வைக்கும்படி செய்வார்களானால், டிரைவர் மாறினாலும் மெக்கானிக் மாறினாலும் அவ்வெண்கள் மாறாதிருக்கும்.